சரக்கு என்னும் சொல்

மக்களை வதைக்கத் துணிவோர் முதலில் அவர்களுக்கு வேறு பெயர் சூட்டுவர். லிவர்ப்பூல் வணிகர்க்குரிய ‘சாங்’ என்னும் கப்பலின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1781-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்க அடிமைகளை ஏற்றி ஜமைக்கா நோக்கிச் சென்ற அக்கப்பல் வழி தவறிற்று. குடிநீர் போதாதெனக் காரணங் காட்டி, 130-க்கு மேற்பட்டோரை மாலுமிகள் உயிருடன் கடலில் எறிந்தனர். ‘சரக்கு’ நட்டமாயிற்று என்று கூறி, தலைக்கு 30 பவுன் வீதம் இன்ஷூரன்ஸ் பணம் கோரினர் உரிமையாளர்.

1783-இல் லண்டனில் நடந்தது கொலை வழக்கன்று; பண வழக்கே. ஜூரிகள் வணிகர் பக்கமே தீர்ப்பளித்தனர். குதிரைகளை எறிந்ததற்கும் இதற்கும் வேறுபாடில்லை என்பதே அவர்கள் கொண்ட கருத்தென நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபு உரைத்தார். எறிதல் முடியுமுன்பே மழை பெய்தமை பின்னர் வெளிப்படவே, மறுவிசாரணைக்கு உத்தரவாயிற்று. ஆயினும், கொலைக்காக எவரும் தண்டிக்கப்பட்டாரல்லர்.

முன்னாள் அடிமையான ஒலாடா இக்குவியானோ இச்செய்தியைக் கிரான்வில் ஷார்ப் என்பாரிடம் கொண்டுசென்றார். ஷார்ப் அதற்குக் ‘கொலை’ என்னும் உரிய பெயரையே வழங்கி, கடற்படைத் தலைமைக்கு முறையிட்டார். பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1807-இல் அடிமை வாணிகத்தைத் தடைசெய்தது. அடிமை ஒழிப்புச் சட்டமோ 1833-இல்தான் பிறந்தது. ஒரு சொல்லைத் திருத்த அரை நூற்றாண்டு சென்றது. ஆதலின், பிறரைக் குறிக்கும் சொல்லை ஆராய்ந்து வழங்குதல் கற்றோர் கடனாகும்.