14ஆம் நாள் என்னும் நம்பிக்கை: கருத்தரிக்கும் காலத்தைக் கணிப்பதில் ஒரு பிழை

தொல்காப்பியக் கற்பியலில் ஒரு நூற்பா உண்டு. பரத்தையிற் பிரிந்த தலைவனாயினும், மனைவிக்கு மாதப்பூப்பு (மாதவிலக்கு) வந்த காலத்தில் பன்னிரண்டு நாள் அவளைவிட்டு அகன்றிருத்தல் ஆகாது என்பது அதன் கருத்து. அது கருத் தோன்றும் காலம் என்பதே இந்த விதியின் பயன் என்று இளம்பூரணர் உரை விளக்குகிறது. பன்னிரண்டை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில் இருவகையாகப் பொருள் கொள்ள இடமுண்டு. உதிரம் கண்ட நாளை முதலாகக் கொண்டால் 12ஆம் நாளோடு கணக்கு முடியும். விலகியிருக்கும் மூன்று நாளைத் தள்ளி எண்ணினால் 15ஆம் நாள் வரை நீளும்.

இதைக் காட்டி, கருமுட்டை பற்றிய அறிவு பழந்தமிழர்க்கு இருந்தது என்று நிறுவ நான் முயலவில்லை. அப்படி ஓர் அறிவு அன்று எங்குமே இல்லை. நூற்பாவின் எல்லைக்கோடு பிழையானது என்பதையும் கீழே காட்டுவேன். ஆனால் அது ஒரு நாளைக் குறிக்கவில்லை, ஒரு காலநீட்சியைக் குறித்தது. குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியருக்கு இன்று வழங்கப்படும் “14ஆம் நாள்” என்ற அறிவுரையைவிட அந்த அமைப்பு உண்மைக்கு நெருக்கமானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பூப்பை ஒட்டிய நாட்களே கருவுக்கு உரியவை என்று 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவர்களும் நம்பினர். பருவத்துக்கு வரும் விலங்குகளோடு பெண்ணை ஒப்பிட்டதால் வந்த தவறு அது. சுழற்சியின் நடுப்பகுதியே கரு நிற்காத காலம் என்றுகூட எழுதினார்கள். இதைத் தலைகீழாக்கியவர் ஜப்பானின் நீகாட்டா நகரில் பணியாற்றிய கியுசாக்கு ஓகினோ. வேறு காரணங்களுக்காக வயிற்றைத் திறந்து அறுவை செய்தபோது சினைப்பையின் நிலையை அவர் நேரில் பார்த்தார். அதை அந்தப் பெண்ணின் மாதவிலக்குத் தேதிகளோடு ஒப்பிட்டார். கருமுட்டை வெளிப்படுவது அடுத்த மாதவிலக்குக்கு முந்தைய 12 முதல் 16 நாட்களுக்குள் என்று 1924இல் வெளியிட்டார். சில ஆண்டுகளில் ஆஸ்திரியாவின் ஹெர்மன் க்னாஸ் வேறு வழியில் ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தார்.

ஓகினோ செய்தது எண்ணும் திசையை மாற்றியதுதான். முடிந்த மாதவிலக்கிலிருந்து முன்னோக்கி எண்ணாமல், வரப்போகும் மாதவிலக்கிலிருந்து பின்னோக்கி எண்ணினார். சுழற்சியின் பிற்பாதி பெரும்பாலும் ஓரளவு நிலையாக இருக்கும். கூடிக் குறைவது முற்பாதி. ஆனால் பின்னோக்கி எண்ண, வராத தேதி ஒன்று கையில் இருக்க வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் 28 நாள் சுழற்சி என்ற கற்பனைச் சராசரி நுழைந்தது. 28இல் 14ஐக் கழித்தால் 14. பின்னோக்கிப் பிறந்த கணக்கு இப்படித்தான் மறுபடியும் முன்னோக்கிய கணக்காக மாறியது.

அந்தச் சராசரி எவ்வளவு மெலிந்தது என்பதை 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கைப்பேசிச் செயலி ஒன்றில் பதிவான 6,12,613 சுழற்சிகளை அது ஆராய்ந்தது. சரியாக 28 நாள் நீண்டவை அவற்றில் 13 விழுக்காடுதான். முற்பாதியின் சராசரி 16.9 நாள், பிற்பாதியின் சராசரி 12.4 நாள்.

இனி ஒரு வீட்டின் தினசரி நாட்காட்டியை அருகில் வைத்துப் பார்ப்போம். 35 நாளுக்கு ஒருமுறை தலைக்குக் குளிக்கும் பெண் ஒருத்தி. 14ஆம் நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறாள். கருமுட்டை வெளிப்படும் காலத்தைக் காட்டும் ஏழு சோதனைப் பட்டைகள் கொண்ட பெட்டியை மருந்துக்கடையில் வாங்கி, 11ஆம் நாள் தொடங்கி 17 வரை காலைதோறும் சிறுநீரில் நனைத்துப் பார்க்கிறாள். ஏழிலும் இரண்டாவது கோடு மங்கலாகவே நிற்கிறது. 21ஆம் நாள் புரோஜெஸ்டிரோன் ரத்தப் பரிசோதனை, அளவு குறைவு. “முட்டை வெடிக்கவில்லை” என்ற சொல்லோடு வீடு திரும்புகிறாள். அவள் முட்டையோ 22ஆம் நாளை ஒட்டித்தான் வெளிப்படவிருந்தது. 21ஆம் நாள் பரிசோதனை என்ற வழக்கம் 28 நாள் சுழற்சிக்காக ஏற்பட்டது. அடுத்த மாதவிலக்குக்கு ஏழு நாள் முன்பு எடுப்பதே அதன் உட்பொருள். அவளுக்கு அது 28ஆம் நாள். குறை அவள் உடலில் இல்லை, தேதியில் இருந்தது. தொல்காப்பியக் கணக்கை எப்படி எண்ணினாலும் அதுவும் இவளைக் கைவிட்டிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்: அவளுடைய நல்ல நாட்கள் 17இல்தான் தொடங்குகின்றன.

நல்ல நாட்கள் என்று பன்மையில் சொல்லக் காரணம் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில் 221 பெண்களைப் பின்தொடர்ந்து ஆலன் வில்காக்ஸும் சக ஆய்வாளர்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வு, கரு நின்றது ஆறு நாட்களில் மட்டுமே என்று கண்டது: கருமுட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும். மறுநாளிலிருந்து வாய்ப்பே காணப்படவில்லை. விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். முட்டையின் ஆயுள் ஒரு நாளுக்கு மேல் இல்லை. ஆகவே முட்டைக்காக விந்தணு காத்திருக்கலாம், விந்தணுவுக்காக முட்டை காத்திராது. “முட்டை வெடித்த நாள்” எது என்று தேடிக் கண்டுபிடிப்பவர்கள், பெரும்பாலும் வாசல் மூடும் வேளையில் வந்து சேர்கிறார்கள்.

உடல் வெப்பக் கணக்கின் குறையும் இதுவே. காலையில் எழுந்திருக்கும் முன் அளக்கும் வெப்பம், முட்டை வெளிப்பட்ட பிறகு 0.2 முதல் 0.5 பாகை செல்சியஸ் உயரும். நடந்ததை அது உறுதி செய்யும், வரப்போவதைச் சொல்லாது. சிறுநீர்ப் பட்டை முந்திச் சொல்கிறது: எல்.எச். இயக்குநீர் பெருகத் தொடங்கி ஒன்றரை நாள் அளவில் முட்டை வெளிப்படும். ஆனால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு அந்த இயக்குநீர் இயல்பாகவே மிகுந்திருக்கலாம். அப்போது கோடு பொய் சொல்லும்.

செலவே இல்லாத, ஆனால் நம்மிடையே மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட அடையாளம் ஒன்று இருக்கிறது. கருமுட்டை வெளிப்படுவதற்கு முந்தைய சில நாட்களில் கருப்பை வாயிலிருந்து கசியும் நீர் மாறும். விரலிடையில் எடுத்தால் முட்டையின் வெள்ளைக்கரு போல, நறுக்கிய வெண்டைக்காயின் நூல் போல, தெளிவாக இழுபடும். மெல்போர்னில் 1950களில் தொடங்கி ஜான் பில்லிங்ஸும் அவர் மனைவி ஈவ்லினும் இதையே அடிப்படையாக்கி ஒரு முறையை வகுத்தனர். தமிழில் இதற்குத் தனிப்பெயர் வழக்கில் இல்லை. எது கசிந்தாலும் “வெள்ளைப்படுதல்”; அதுவும் நோய்ப் பெயராக, சூட்டினால் வந்ததாக, உடம்பு தேய்வதன் அறிகுறியாக. அரிப்பு, நாற்றம், தயிர்த்திரி போன்ற தன்மை இருந்தால் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். ஆனால் நிறமற்ற இந்த இழைநீரையும் அதே சொல்லுக்குள் அடைத்துவிட்டு, உடல் தரும் முன்னறிவிப்பை வெந்தயம் ஊறவைத்துக் குடித்துத் தணிக்கப் பார்க்கிறோம். இந்த ஒரு சொற்பஞ்சம் எத்தனை மாதங்களைத் தின்றிருக்கும் என்று நினைக்கையில் மனம் வலிக்கிறது.

நாளைத் துல்லியமாகப் பிடிக்கும் முயற்சி வேறு விதத்திலும் கேடு செய்கிறது. வட்டமிட்ட அந்த இரவில் கணவன் வெளியூரில் இருந்தால் மாதமே போயிற்று என்ற ஏக்கம். அவன் உடல் அன்று ஒத்துழைக்காவிட்டால் இருவருக்கும் அவமானம். பிரிட்டனின் நைஸ் அமைப்பு வகுத்த வழிகாட்டு நெறி நாள் பார்க்கச் சொல்லவில்லை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கூடச் சொல்கிறது. ஆறு நாள் வாசல் எங்கே திறந்தாலும் அந்த இடைவெளிக்குள் அகப்பட்டுவிடும். தொலைவில் வேலை பார்ப்பவர்களுக்கும் சுழற்சி நீண்டவர்களுக்கும் இழைநீரும் பட்டையும் உதவும். பட்டையை மிகக் குறுகிய சுழற்சியின் நீளத்திலிருந்து 17ஐக் கழித்து வரும் நாளில் தொடங்கினால் போதும்.

ஓராண்டு முயன்றும் கரு நிற்காவிட்டால், 35 வயது கடந்தவர்கள் ஆறு மாதத்திலேயே, இருவரும் சேர்ந்து பரிசோதனைக்குப் போக வேண்டும். மாதவிலக்கு வருவதே அரிதென்றால் அவ்வளவு நாளும் காத்திருக்க வேண்டியதில்லை. அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி, “கடைசியா எப்பம்மா குளிச்சே?” ஒரு தேதியைக் கேட்கும் கேள்வி அது, அதிலிருந்து ஒரு சுழற்சியின் நீளம்கூடத் தெரியாது. கடந்த ஆறு மாதத்துத் தேதிகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போகும் பெண்ணிடம், 21ஆம் நாள் ரத்தம் கொடு என்று சொல்லுமுன் மருத்துவர் ஒரு கணம் விரல்விட்டு எண்ணிப் பார்ப்பார்.