அக்குபங்சரும் ஒரு ஆபரேஷன் கதையும்

அக்குபங்சர் என்றாலே, "சீனாவில் ஒரு அமெரிக்கருக்கு வெறும் ஊசி குத்தியே ஆபரேஷன் செய்தார்களாம்" என்று ஒரு கதை சொல்வார்கள். உண்மையில் நடந்தது வேறு.

1971 ஜூலையில் பீஜிங் போயிருந்த நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குக் குடல்வால் அழற்சி வந்தது. டாக்டர்கள் வழக்கம்போல் மரத்துப்போகும் மருந்து கொடுத்துத்தான் குடல்வாலை அகற்றினார்கள். இரண்டாம் நாள் இரவு வயிறு உப்பித் தொல்லை கொடுத்தபோதுதான் வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழேயும் மூன்று மெல்லிய ஊசிகளைக் குத்தினார்கள். ஒரு மணி நேரத்தில் உப்புசம் குறைந்ததாக ரெஸ்டனே ஜூலை 26 இதழில் எழுதினார். 1972இல் அதிபர் நிக்சனும் சீனா போய்வர, அமெரிக்காவில் அக்குபங்சர் மோகம் பரவியது. கதையும் வளர்ந்தது!

ஊசி எப்படி வலியைக் குறைக்கிறது? உடலில் ஓடும் 'சி' என்ற உயிர்சக்தி சீராகிறது என்பது சீன மரபு. நரம்புகள் தூண்டப்பட்டு, வலி தணிக்கும் எண்டார்பின் சுரக்கிறது என்பது விஞ்ஞானிகள் தரும் ஒரு விளக்கம். 2007இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், முறையாக ஊசி குத்திய முதுகுவலிக்காரர்களில் சுமார் 48 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்தது. புள்ளி மாற்றிப் பேருக்குக் குத்தியவர்களில் 44. வழக்கமான சிகிச்சையில் 27 மட்டுமே. ஆக, பலன் உண்மை, புள்ளிகள்தான் சந்தேகம்.

வலிக்கு ஊசி துணை நிற்கலாம். ஆனால் ரெஸ்டனின் உயிரைக் காத்தது கத்திதான். இதை மறக்க வேண்டாம் நண்பர்களே.