மாட்டு டாக்டர் கொடுத்த சர்டிஃபிகேட்

லாரல்-ஹார்டி பார்த்திருப்பீங்க. அவங்க ரசிகர் சங்கத்துக்கு 'சன்ஸ் ஆஃப் தி டெசர்ட்'னு பேர். 1933-ல் வந்த அவங்க படத்தோட பேர்தான் அது.

கதையில், சங்க மாநாட்டுக்குப் போக ஹார்டி மனைவியிடம் நோயாளியா நடிப்பார். லாரல் ஏற்பாடு செய்த டாக்டர் யார் தெரியுமா? மாட்டு டாக்டர்! ஹொனலுலுவுக்குக் கடல் பயணம் போகணும்னு சிபாரிசு வேற. (லீவுக்கு சர்டிஃபிகேட் கேட்டு வர்றவங்க கவனிக்க வேண்டாம்.)

நிஜ நோய் பிறகு வந்தது. 1955-ல் லாரலுக்குப் பக்கவாதம், தேறிட்டார். 1956-ல் ஹார்டிக்கு. பேச்சே போச்சு. 1957 ஆகஸ்டில் இறந்தார்.

அதற்குப் பிறகு லாரல் நடிக்கவே இல்லை. ஆனா சாண்டா மோனிகா டெலிபோன் டைரக்டரியில் அவர் நம்பர் இருந்தது. முன்பின் தெரியாத ரசிகர் கூப்பிட்டாலும் பேசுவார்.

அவங்க வாழ்க்கை வரலாறு எழுதின ஜான் மெக்கேப் சங்க விதிகளைத் தயாரிக்க, லாரல் பார்த்து ஒப்புதல் தந்தார். 1965 பிப்ரவரியில் லாரல் மறைந்தார். சங்கம் நியூயார்க்கில் தொடங்கியதும் அதே வருஷம்தான்.

கிளைகளை 'டென்ட்'னு சொல்வாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு லாரல்-ஹார்டி படத்தின் பேர். கூட்டத்தில் இருவர் பேரையும் சொல்லிக் கோப்பையை உயர்த்துவாங்க. மே புஷ் பேரையும் சொல்வாங்க. படத்தில் ஹார்டி ஏமாற்றின மனைவியா நடிச்சவங்க அவங்கதான்.