தோலுக்குள் இருந்த முறுக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முதலிய ஊர்களில் தலைமுறைகளாகத் தோல் தொழில் செய்துவரும் நம் குடும்பங்களுக்கு ஆவாரம்பட்டையின் குணம் தெரியும். பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகும். பட்டைச் சாற்றில் ஊறினால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். பட்டையின் துவர்ப்பு அதன் இழைகளோடு பிணைந்து அழுகலைத் தடுக்கிறது. அந்த இழையின் உள்ளமைப்பு சென்னைப் பல்கலைக்கழகத்தில்தான் முதன்முதலாகத் துலங்கியது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1952ஆம் ஆண்டு, துணைவேந்தர் இலட்சுமணசுவாமி முதலியார், சர் சி.வி. இராமனின் பரிந்துரையின் பேரில், ஜி.என். இராமச்சந்திரனைப் பௌதிகத் துறைத் தலைவராக அழைத்தார். அவருக்கு அப்போது முப்பதை ஒட்டிய வயது. அவ்வாண்டில் சென்னைக்கு வந்த, அயர்லாந்தில் பிறந்த விஞ்ஞானி பெர்னால், கொலாஜனின் அமைப்பைப் பற்றி அதுவரை சொல்லப்பட்டவை எவையும் திருப்தி தரவில்லை என்றார். அந்தச் சொல் இளம் பேராசிரியரின் மனத்தில் தைத்தது. துறையோ பௌதிகம், பொருளோ உயிரின் தசைநாணும் தோலும்! வேலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் கல்வி நடக்குமா?

நல்ல மாதிரிக்கு நெடுந்தொலைவு போக வேண்டியிருக்கவில்லை. அருகிலேயே, 1948இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கிருந்து கிடைத்த கங்காரு வால் தசைநாணை, இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்-கதிர் கொண்டு ஆராய்ந்தனர். கொலாஜனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின். அமினோ அமிலங்களில் மிகச் சிறியது அதுவே. மூன்று இழைகள் கயிறு போல் முறுக்கிக்கொண்டால் நடுவில் இருக்கும் சிற்றிடத்தில் அது ஒன்றுதான் அடங்கும். ஆகவே ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடந்தோறும் அது நின்றாக வேண்டும். 1954இல் 'நேச்சர்' இதழில் இக்கருத்து வெளிவந்தது. மறு ஆண்டு திருத்தமும் பெற்றது.

உடனே எதிர்ப்பும் எழுந்தது. கேம்பிரிட்ஜிலிருந்து ரிச்சும் கிரிக்கும், மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் வைத்தால் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிடும், ஒன்றுக்கே இடமுண்டு என்றனர். அந்த ஒரு கூறில் அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது. மூவிழை முறுக்கு மட்டும் அசையவில்லை. இராமச்சந்திரன் சொற்போரில் இறங்கி நின்றுவிடவில்லை. "அளவுக்கு மீறி" என்றால் எது அளவு என்று கேட்டார்! வெளிவந்திருந்த படிகங்களின் விவரங்களைத் திரட்டி, அணுவுக்கும் அணுவுக்கும் இடையே எவ்வளவு நெருக்கம் கூடும் என்று கணக்கெடுக்கச் செய்தார்.

அந்தக் கணக்கிலிருந்து, புரத இழை எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பவே முடியாது என்று காட்டும் வரைபடம் பிறந்தது. இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் அதை வெளியிட்டார். இரண்டே கோணங்கள், ஒரு சதுரம், அதற்குள் அனுமதிக்கப்பட்ட சில திட்டுகள், அவ்வளவுதான். உலகில் எங்கு ஒரு புதிய புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும், அது சரிதானா என்று அந்தச் சதுரத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

1970இல் அவர் சென்னையை விட்டார். 1971இல் பெங்களூரில் மூலக்கூறு உயிர்ப்பௌதிகப் பிரிவைத் தொடங்கினார். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை, அது பரிசளித்தோரின் குறை என்றே எண்ணுகிறேன். 2001இல் காலமானார். உயிர் வேதியியல் படிக்கச் செல்லும் நம் பிள்ளைகளின் பாடநூலில் அந்தச் சதுரம் இருக்கிறது, 'இராமச்சந்திரன் வரைபடம்' என்ற பெயரோடு.