எஃப்சிங்க் பிழையும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளமும்: ஒரு பிழையறிதலின் வரலாறு

முன்னுரை

ஏற்றுக்கொண்ட தரவை இழக்காமல் காத்தலே தரவுத்தள மென்பொருளின் முதற்கடமையாகும். திறந்தமூலத் தரவுத்தளங்களுள் பெரிதும் நம்பப்படும் போஸ்ட்கிரெஸ்கியூஎல், 1986இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வுத்திட்டத்தின் வழிவந்தது. அதில் நெடுங்காலம் மறைந்திருந்த ஒரு குறை 2018இல் வெளிப்பட்டது. அது கண்டறியப்பட்ட முறையையும், பிழை யாருடையது என்னும் வினாவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

எழுதுதலும் உறுதிப்படுத்தலும்

ஒரு நிரல் எழுதும் தரவு உடனே வட்டினைச் சென்றடைவதில்லை. இயங்குதளத்தின் நினைவகப் பக்கங்களில் தங்கிப் பின்னரே செல்கிறது. ‘எஃப்சிங்க்’ என்னும் அழைப்பு அப்பக்கங்களை வட்டில் எழுதச்செய்து முடிவைத் தெரிவிக்கும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் மாற்றங்களை முதலில் ஒரு பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. ‘செக்பாயிண்ட்’ எனப்படும் கட்டத்தில் தரவுக்கோப்புகள் வட்டில் சேர்ந்தது உறுதியானபின், மீட்புக்குப் பழைய பதிவுகள் தேவைப்படுவதில்லை. எஃப்சிங்க் தோற்றால் மீண்டும் முயன்று, வெற்றி என்னும் விடை வந்ததும் தரவு சேர்ந்துவிட்டதாகக் கொள்வதே அதன் வழக்கமாக இருந்தது.

பிழையறிதல்

2018 மார்ச்சில் இவ்வழக்கத்தின்மீது ஐயம் எழுப்பப்பட்டது. சேமிப்பகப் பிழை நேர்ந்த ஒரு கணினியில் செக்பாயிண்ட் முதலில் தோற்று, மறுமுயற்சியில் வென்றது. ஆயினும் தரவு சிதைந்திருந்தது. பழியை வட்டின்மேல் போட்டு முடித்திருக்கலாம். ஆனால் தோல்விக்குப் பின் வந்த வெற்றியே இங்கு ஆராயப்பட்டது. லினக்ஸ் கர்னல், எழுத இயலாத பக்கத்தையும் எழுதி முடித்ததாகக் குறித்துவிடுகிறது. பிழையை ஒருமுறை தெரிவித்தபின் மறந்துவிடுகிறது. ஆகவே இரண்டாம் அழைப்பின்போது எழுதுவதற்கு எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

பிழை யாருடையது?

கர்னல் தரப்பிலும் நியாயம் இருந்தது. பிடுங்கப்பட்ட யுஎஸ்பி சேமிப்பானுக்குரிய பக்கங்களை என்றென்றும் வைத்திருந்தால் நினைவகம் நிரம்பிவிடும். ஃபிரீபிஎஸ்டி இயங்குதளமோ அத்தகைய பக்கங்களை மறுமுயற்சிக்காக வைத்திருக்கும் வழியை மேற்கொண்டது. அழைப்பு தோற்றால் எழுதுதல் முடிந்ததற்கு உறுதியில்லை என்று கூறும் போசிக்ஸ் தரநிலை, மறுமுயற்சியில் கிடைக்கும் வெற்றியின் பொருளை வரையறுக்கவில்லை. அந்த இடைவெளியை இரு தரப்பினரும் தத்தம் எடுகோளால் நிரப்பிக்கொண்டிருந்தனர்.

தீர்வும் அதன் எல்லையும்

2019 பிப்ரவரி 14 அன்று வெளியான 11.2 உள்ளிட்ட ஐந்து பதிப்புகளில் திருத்தம் இடம்பெற்றது. தரவுக்கோப்பின் எஃப்சிங்க் தோற்றால் தரவுத்தளம் உடனே தன்னை நிறுத்திக்கொள்ளும். மீளத் தொடங்குகையில் பதிவேட்டிலிருந்து மாற்றங்களைப் புதிதாக எழுதும். எனினும், விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் உட்பட ஐந்து மென்பொருள்களைச் சோதித்து, அவை கையாளும் எந்த உத்தியும் முற்றிலும் போதுமானதன்று எனக் காட்டினர்.

முடிவுரை

மூலநிரல் எவரும் படிக்கத்தக்கதாக இருந்தும் இக்குறை நெடுங்காலம் புலப்படவில்லை. எழுதுபிழை அரிதாகவே நேர்வதும், நேர்ந்தபின் வெற்றிச்செய்தி அதனை மூடிவிடுவதும் இதற்குக் காரணங்களாம். திறந்தமூலம் பிழையைத் தானே வெளிக்கொணர்வதில்லை. ஒருவர் ஐயுற்றபோது, தரவுத்தளம் முதல் கர்னல் வரை தடயத்தைப் பின்தொடர வழிவிடுகிறது. பிழையறிவிப்பில் இறுதி விளைவோடு நிகழ்வுகளின் வரிசையும் பதிவாகவேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.