கல்குவாரித் தொழிலாளர் நலன்

கல்குவாரித் தொழிலாளர் நலன் என்பது பாறையை வெடித்தல், உடைத்தல், அரைத்தல், ஏற்றுதல் ஆகிய பணிகளில் ஈடுபடுவோரின் உடல்நலம், மனநலம், சமூக நிலை ஆகியவற்றைக் குறிக்கும். தொழில்சார் மருத்துவம், சமூகவியல், தொழிலாளர் சட்டம் ஆகிய துறைகள் இதனை ஆராய்கின்றன. தமிழ்நாட்டில் இத்தொழில் நடைபெறும் இடங்களுள் விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்திலுள்ள திருவக்கரைப் பகுதியும் ஒன்றாகும். வளர்ந்துவரும் நாடுகளில் பணியிட நலன் பற்றிய ஆய்வு எதிர்கொள்ளும் முதன்மையான சிக்கலை இத்தொழில் தெளிவாகக் காட்டுகிறது. தொழிலால் விளையும் கேடு வெளிப்படும் காலத்தில் தொழிலாளி பெரும்பாலும் அப்பணியிடத்தில் இருப்பதில்லை.

திருவக்கரையும் கல்லும்

திருவக்கரை, திண்டிவனத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே சங்கராபரணி ஆற்றங்கரையில் அமைந்துள்ளது. தேவாரப் பாடல் பெற்ற சந்திரமௌலீசுவரர் கோயிலும் கல்மரப் பூங்காவும் இவ்வூரின் சிறப்புகளாகும். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் இங்கே கல்லாக மாறிக் கிடக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இப்பூங்காவைப் பராமரித்து வருகிறது. மரத்தின் திசுக்களில் நீரில் கரைந்த சிலிக்கா படிந்தமையால் அவை கல்லாயின.

இவ்வட்டாரத்தில் கருங்கல் குவாரிகளும், கிரஷர் எனப்படும் கல் அரைவை ஆலைகளும் இயங்குகின்றன. கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் வேண்டிய ஜல்லி இங்கு உருவாகிறது. கருங்கல்லின் கனிமங்களுள் ஒன்றான குவார்ட்ஸ், படிக வடிவிலான சிலிக்கா ஆகும். கல்மரத்தை நிலைக்கச் செய்த அதே வேதிப்பொருள், நுண்தூசியாக மூச்சில் கலக்கும்போது நுரையீரலுக்குக் கேடு செய்கிறது.

பணிகளும் அவற்றின் இடர்களும்

குவாரிப் பணி பல நிலைகளைக் கொண்டது. ஒவ்வொரு நிலையிலும் இடரின் தன்மை வேறுபடுகிறது.

- துளையிடுதல்: அழுத்தக் காற்றால் இயங்கும் கருவி கொண்டு பாறையில் குழி இடப்படுகிறது. நீர் தெளிக்காமல் துளையிட்டால் மிகுந்த தூசி எழும். இரைச்சலால் செவித்திறன் குறையும். தொடர்ந்த அதிர்வால் கைவிரல்கள் மரத்துப்போகும்.
- வெடித்தல்: கல் சிதறுதல், வெடிக்காது எஞ்சிய மருந்து, பாறைச் சரிவு ஆகியன உயிருக்கு ஆபத்தானவை.
- உடைத்தல்: சம்மட்டியால் கல்லுடைப்போருக்குக் கண்ணில் சில்லு தெறித்தல், முதுகுவலி, மூட்டுத் தேய்மானம் ஆகியவை நேர்கின்றன.
- அரைத்தல்: ஒன்றரை, முக்கால், அரை என ஜல்லி தரம் பிரிக்கப்படும் சல்லடை அருகிலும், அது கொட்டும் இடத்திலும் தூசி மிகுதி. எம் சாண்ட் எனப்படும் செயற்கை மணல் தயாரிப்பில் கல் மேலும் நுண்மையாக அரைக்கப்படுகிறது.

சிலிக்கோசிஸ்

சிலிக்காத் தூசியால் வரும் நுரையீரல் நோய் சிலிக்கோசிஸ் ஆகும். கண்ணுக்குப் புலப்படாத, சில மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்களே நுரையீரலின் காற்று நுண்ணறைகள் வரை செல்கின்றன. அங்குள்ள தற்காப்பு உயிரணுக்கள் அத்துகள்களை விழுங்கி அழிகின்றன. அதனால் ஏற்படும் அழற்சி நாளடைவில் நுரையீரலில் தழும்புகளை உண்டாக்குகிறது. தழும்பேறிய பகுதி மீண்டும் பழைய நிலையை அடைவதில்லை. பணியை விட்ட பின்னரும் நோய் முற்றக்கூடும்.

நாள்பட்ட வகை நோய் வெளிப்படப் பொதுவாக 10 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். தூசி மிகுந்த இடங்களில் 5 முதல் 10 ஆண்டுகளிலும், மிகக் கடுமையான நிலையில் சில மாதங்களிலும் கூட நோய் தோன்றலாம். இந்நோயாளருக்குக் காசநோய் தொற்றும் வாய்ப்பு மிகுதி. இருமல், மூச்சுத்திணறல், உடல் மெலிவு ஆகிய அறிகுறிகள் இரண்டு நோய்களுக்கும் பொதுவானவை. ஆகையால் சிலிக்கோசிஸ் காசநோயாக மட்டும் கருதப்பட்டுச் சிகிச்சை அளிக்கப்படுவதுண்டு. 1997 இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மூச்சுவழி செல்லும் படிகச் சிலிக்காவை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது.

ஆய்வு வரலாறு

இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமசினி 1700 இல் வெளியிட்ட நூலில் கல் தொழிலாளரின் நோய்களை விவரித்தார். நோயாளியிடம் அவர் செய்யும் தொழில் யாது எனக் கேட்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியவரும் அவரே.

இந்தியாவில் இந்நோய் பற்றிய தொடக்ககால ஆய்வு 1940களில் கோலார் தங்க வயலில் நடைபெற்றது. அங்குப் பணிபுரிந்தோருள் தமிழ்ப் பகுதிகளிலிருந்து சென்றோர் மிகப் பலர். பரிசோதிக்கப்பட்டவர்களுள் பத்தில் நால்வருக்கும் மேற்பட்டோரிடம் சிலிக்கோசிஸ் காணப்பட்டது.

அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனம், மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர் பகுதியில் சிலேட்டுக் குச்சி செய்வோரை ஆராய்ந்தது. 1985 இல் வெளியான அவ்வாய்வின்படி, பரிசோதிக்கப்பட்ட 593 பேருள் 54.6 விழுக்காட்டினர் நோயுற்றிருந்தனர்.

சமூக ஆய்வுக்கு எடுத்துக்காட்டாக அமைவது பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கு ஆகும். அரியானாவின் பரீதாபாத் கல்குவாரித் தொழிலாளரின் நிலை குறித்து அனுப்பப்பட்ட கடிதத்தை உச்ச நீதிமன்றம் 1982 இல் மனுவாக ஏற்றது. குவாரிகளை நேரில் கண்டு அறிக்கை தர ஆணையர்களை அமர்த்தியது. சமூக-சட்ட ஆய்வு ஒன்றையும் நடத்தச் செய்தது. டிசம்பர் 16, 1983 இல் வழங்கப்பட்ட தீர்ப்பில், கட்டாய வேலை மெய்ப்பிக்கப்பட்டால் அது முன்பணக் கடனுக்கு ஈடாகவே வாங்கப்படுகிறது என ஊகிக்க வேண்டும் என்று கூறப்பட்டது.

முன்பணமும் சமூக நலனும்

குவாரித் தொழிலில் முன்பணம் பெற்று, குடும்பத்துடன் வேலைக்கு வரும் முறை பல இடங்களில் இருந்துள்ளது. கூலி, உடைத்த கல்லின் அளவுக்கு ஏற்ப வழங்கப்படும். நோயோ காயமோ நேர்ந்தால் அன்றைய வருமானம் இல்லை, கடன் வளரும். கடனைத் தீர்க்காமல் வெளியேற முடியாத நிலை கொத்தடிமை முறையாகும். இம்முறை 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியா முழுவதும் ஒழிக்கப்பட்டது. எனினும், உச்ச நீதிமன்றம் அமர்த்திய ஆணையர்கள் 1995 இல் அளித்த அறிக்கை, தமிழ்நாட்டில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் பல தொழில்களில் இருப்பதாக மதிப்பிட்டது.

இதற்கு மாறான முயற்சி ஒன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் நிகழ்ந்தது. 1990களின் தொடக்கத்தில் மாவட்ட நிர்வாகம் கல்குவாரிகளைப் பெண் தொழிலாளர் குழுக்களுக்குக் குத்தகைக்கு வழங்கியது. கூலிக்குக் கல்லுடைத்த பெண்கள் குவாரியைத் தாமே நடத்தினர். அதே காலத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே கணக்கெழுதவும் அளவு சரிபார்க்கவும் கற்றனர். வேலை அதுவே ஆயினும், அதன் மீதான கட்டுப்பாடு யாரிடம் உள்ளது என்பதும் நலனைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இது சான்றாகும்.

ஆய்வுமுறைச் சிக்கல்கள்

பணியிட நலனை அளக்கும் வினாநிரல்கள் பெரும்பாலும் நிரந்தர ஊழியர்களைக் கருத்திற்கொண்டு உருவானவை. 1979 இல் ராபர்ட் கராசெக் முன்வைத்த மாதிரி, பணிச்சுமை மிகுந்தும் கட்டுப்பாடு குறைந்தும் உள்ள வேலையே மன அழுத்தம் தரும் என்கிறது. இக்கருத்து குவாரிக்கும் பொருந்தும். ஆனால் பதவி உயர்வு, மேலாளருடன் உறவு போன்ற வினாக்கள் அளவுக்கூலி பெறுவோருக்குப் பொருந்துவதில்லை.

மேலும் பின்வரும் சிக்கல்களும் உள்ளன.

- நலமுடையோரே எஞ்சுதல்: மூச்சு வாங்குவோர் வேலையை விட்டு ஊர் திரும்பிவிடுவர். பணியில் உள்ளோரை மட்டும் பரிசோதித்தால் நோயின் அளவு குறைவாகத் தோன்றும்.
- பதிவேடு இன்மை: ஒப்பந்ததாரர் வழி பல குவாரிகளில் மாறி மாறி வேலை செய்தவர், எங்கே எத்தனை ஆண்டு பணியாற்றினார் என்பதை மெய்ப்பிப்பது கடினம். இழப்பீடு கோருவதற்கும் இது தடையாகும்.
- அச்சம்: வேலை தருபவரின் இடத்திலேயே கேட்கப்படும் கேள்விகளுக்கு உண்மையான விடை கிடைப்பது அரிது.

ஆகவே, பணி விட்டோரை அவர்களின் ஊரிலேயே தேடிக் கணக்கிடுதலும், காசநோய் மருத்துவமனைகளில் தொழில் விவரத்தைப் பதிதலும் இன்றியமையாதவை.

சட்டங்களும் தடுப்பு முறைகளும்

திறந்தவெளிக் குவாரிகளும் சுரங்கங்களாகவே கருதப்பட்டு 1952 ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் கீழ் வந்தன. இச்சட்டம் 2020 இல் இயற்றப்பட்ட தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணி நிலைமைகள் குறித்த தொகுப்புச் சட்டத்தில் ஒருங்கிணைக்கப்பட்டது. அத்தொகுப்பு நவம்பர் 21, 2025 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் கல் வெட்டுவோர், உடைப்போர் ஆகியோர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம்.

கல் அரைவை ஆலையில் கருவிகளிலிருந்து 3 முதல் 10 மீட்டர் தொலைவில் மிதக்கும் தூசி, கன மீட்டருக்கு 600 மைக்ரோகிராமுக்கு மிகக்கூடாது எனச் சுற்றுச்சூழல் விதிகள் வரையறுத்தன. இது ஆலையின் சுற்றுப்புறத்தை அளக்கும் முறையாகும். சல்லடைக்கு அருகில் நிற்பவர் உள்ளிழுக்கும் நுண்தூசியை அறிய, அவர் சட்டையில் பொருத்தும் தனிநபர் மாதிரிக் கருவி தேவை.

சிலிக்கோசிஸைக் குணப்படுத்தும் மருந்து இல்லாமையால் தடுப்பே வழியாகும். ஈரத் துளையிடல், நீர்த் தெளிப்பு, கருவிகளை மூடுதல், தூசி உறிஞ்சிகள் ஆகியவை முதன்மையானவை. முகத்தில் துணி கட்டிக்கொள்வது நுண்துகள்களைத் தடுப்பதில்லை. அதற்கென அமைந்த வடிகட்டி முகமூடி கூட ஏனைய முறைகளுக்குத் துணையே தவிர மாற்று அன்று.

இவற்றையும் பார்க்கவும்

- சிலிக்கோசிஸ்
- கொத்தடிமை முறை
- திருவக்கரை கல்மரப் பூங்கா
- கோலார் தங்க வயல்
- அறிவொளி இயக்கம்