தில்லி மாநகரின் மரங்கள்

கல்கத்தாவிலிருந்து தில்லிக்குத் தலைநகர் மாற்றப்படும் என்று 1911-ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்த தர்பாரில் அறிவிக்கப்பட்டது. புதிய நகரத்தைத் திட்டமிட்டவர்கள் மாளிகைகளோடு மரங்களைப் பற்றியும் ஆராய்ந்தனர். கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற மஸ்டோ என்னும் ஆங்கிலேயர் நடவுப் பணியில் முன்னின்றார். சாலைக்கு ஒரு மரம் என்பது திட்டம். அக்பர் சாலைக்குப் புளி, ஜன்பத்துக்கு மருது. அன்றைய ராஜபாதையாகிய இன்றைய கர்த்தவ்ய பாதைக்கு நாவல். தில்லிக்குப் பிழைக்க வந்த நாம், கோடையில் உதிர்ந்து கிடக்கும் நாவற்பழத்தைக் கண்டு நம் ஊரையே கண்டதுபோல் மகிழ்ந்தோம்.

ஆயினும் தில்லியின் பழைய செல்வம் சாலை மரமன்று. ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடியாக நகருக்குள் நீண்டு கிடக்கும் 'ரிட்ஜ்' என்னும் பாறைமேடும் அதன் காடுமே அச்செல்வம். அங்கும் வெள்ளையர் கைவண்ணம் உண்டு. அவர்கள் கொணர்ந்து பரப்பிய விலாயதி கீகர், நம் சீமைக் கருவேலமே! இராமநாதபுரத்தார்க்கு அதன் குணத்தை நாம் விளக்க வேண்டுவதில்லை.

இந்த ரிட்ஜ் அழிக்கப்படுவதை எதிர்த்து 1979-இல் கிளம்பியவர்கள் பள்ளி, கல்லூரி மாணவர்கள். அவர்கள் கூடி அமைத்த சங்கமே 'கல்பவிருக்ஷ்'. பதவியோ பணமோ இல்லாத இளைஞர்கள் காட்டைச் சுற்றி நடந்து, கண்டதை எழுதி, அதிகாரிகளின் கதவைத் தட்டினர். இத்தகைய முயற்சிகள் தொடர்ந்ததன் பின்னர், 1994-இல் 7,777 ஹெக்டேர் நிலத்தைக் காப்புக் காடாக்கும் முதல் அறிவிப்பு வெளியாயிற்று. இறுதி அறிவிப்போ பல ஆண்டுகள் இழுபட்டது. அதே 1994-இல் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டமும் பிறந்தது. அதன்படி, உரிய அதிகாரியின் அனுமதியின்றி மரத்தை வெட்டலாகாது.

அனுமதி கிடைத்துவிட்டால்? அவ்வினா 2018-இல் நம் வாசலுக்கே வந்தது. சரோஜினி நகர், நௌரோஜி நகர், நேதாஜி நகர் முதலிய ஏழு அரசு குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடிகள் எழுப்பும் திட்டத்தில் 14,000-க்கு மேற்பட்ட மரங்கள் விழ இருந்தன. தமிழ் குமாஸ்தாக்களும் அதிகாரிகளும் தலைமுறையாக வாழ்ந்த குவார்ட்டர்ஸ் இவை. கொல்லையில் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்து நாம் வளர்த்த இடங்கள். பெயர்ப் பலகை மட்டுமே நமதன்று.

ஜூன் மாத வெயிலில் மக்கள் சரோஜினி நகரில் கூடி மரங்களைக் கட்டித் தழுவி நின்றனர். 1973-இல் கட்வால் மலையில் எழுந்த சிப்கோ இயக்கம் பலர் நினைவுக்கு வந்தது. ஒரு மருத்துவர் வழக்குத் தொடுத்தார். உயர் நீதிமன்றம் குறுக்கிட, வெட்டுதல் நின்றது. வரைபடங்களைத் திருத்தவும் அரசு முன்வந்தது. நௌரோஜி நகருக்கு மட்டும் இந்த உதவி காலம் கடந்தே வந்தது. அங்கே பெரும்பாலான மரங்கள் முன்பே சாய்ந்துவிட்டன.

அப்போது சொல்லப்பட்ட சமாதானம், ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று என்பது. கணக்கு நன்றே. ஆனால் அறுபதாண்டு வேம்பின் நிழலைப் பத்துக் கன்றுகள் எந்த ஆண்டில் தரும்? பிறகு 2020-இல் தில்லி அரசு, மரங்களை வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடும் கொள்கையை வகுத்தது. பெயர்த்தவற்றுள் 80 விழுக்காடு ஓராண்டு கழித்தும் உயிரோடிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பெயர்த்து நட்ட மரங்களுள் மூன்றில் ஒரு பங்கே பிழைத்தது என்று 2022-இல் அவ்வரசே உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது.